காளானும் கானகமும்: குழந்தைகட்கு ஒரு மழைக்காலப் பாடம்

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், நெசவாளர் இல்லங்களில் ஒரு கவலையும் உடன் தொடங்கிவிடுகிறது. கஞ்சியிட்ட பாவு ஈரம் உலராமற் கிடந்தால், இரண்டொரு நாளில் அதன்மேற் சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்துவிடும். நூல் கறைபடும், இழை வலுவிழக்கும், தறியில் ஏற்றினால் அற்று அற்று விழும். உழவர்க்கும் இக்கவலை புதியதன்று. நெல்லின் குலைநோயும் மணிலாப் பயிரின் டிக்கா இலைப்புள்ளியும் பூசணங்களால் வருவனவே. 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளிற் காணப்பட்டு, 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர்பெற்ற அடித்தண்டழுகல் நோயும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆகவே நம் சங்கத்து உறுப்பினருட் பெரும்பாலோர், பூசணம் என்றவுடன் பகை என்றே கொள்வர். அது பொய்யன்று, ஆயின் பாதி உண்மையே ஆகும். மற்றப் பாதி காட்டினுள் இருக்கிறது. அதனை நம் குழந்தைகட்குக் காட்டுவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். மழை ஓய்ந்த காலையில் வேலியோரம் முளைத்திருக்கும் வெள்ளைக் குடையை 'நாய்க்குடை' என்று காலால் எற்றிவிட்டுச் செல்லும் சிறுவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவனுக்கு நாம் வேறொன்றும் சொல்லித் தரவில்லை அன்றோ?

சென்ற கார்த்திகையில், புதுவை நகரத்துச் சிறுவர் சிறுமியர் பதினொருவரை அழைத்துக்கொண்டு, வடக்கே மரக்காணம் செல்லும் சாலையிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டிற்குச் சென்றோம். அங்குக் கற்றவற்றையும் கற்பித்தவற்றையும் ஆசிரியர்கட்கும் பெற்றோர்க்கும் பயன்படுமாறு இங்கே வரிசைப்படுத்தித் தருகிறோம்.

படத்துக் காளான்

புறப்படுமுன் குழந்தைகளிடம் தாளும் வண்ணக் கோலும் கொடுத்து, "காளான் ஒன்று வரையுங்கள்" என்றோம். பதினொருவரில் ஒன்பதின்மர் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியிட்ட காளானையே வரைந்தனர். அவருள் எவரும் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. கதைப் புத்தகத்திற் பார்த்ததே. அக்காளான் குளிர்நாட்டுக்கு உரியது, நஞ்சுடையது. நம் பக்கத்தில் அதனைக் காணவேண்டுமாயின், வெளிநாட்டுப் பைன் மரங்களை நட்டு வளர்த்த கொடைக்கானல், நீலகிரி மலைகட்கே செல்லவேண்டும். பைன் மரத்தின் வேரைத் துணையாகக் கொண்டு அது வாழ்வதால், அம்மரம் வந்தவிடத்திற்கு அதுவும் வந்து சேர்ந்தது. நம் கடற்கரையில் அது முளைப்பதில்லை.

கண்ணெதிரே வேலியோரத்தில் முளைப்பதை வரையத் தெரியாத குழந்தை, காணாத நாட்டின் காளானைத் தவறின்றி வரைகிறது. எனவே நம் பாடத்தின் முதல் விதி, படத்தைப் பின்னர்க் காட்டி, மண்ணை முன்னர்க் காட்டுதல் என்று கொண்டோம்.

காளான் யாது?

மாமரத்தில் மாம்பழம் பழுக்கிறது. பழத்தைப் பறித்துவிட்டால் மரம் அழிந்துவிடுவதில்லை. காளானும் அத்தகைய பழமே. அதன் 'மரம்' மண்ணுக்குள்ளும் மட்கும் கட்டைக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. நூலினும் பன்மடங்கு நுண்ணிய வெள்ளை இழைகள் பின்னிப் பரந்ததே அந்த உடல். அறிவியல் நூல்களும் அதனைப் 'பூசண இழை' என்றே வழங்குகின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகட்கு இச்சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈரச் சருகு ஒன்றைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருந்த வெண்ணிழைகளைக் காட்டியதும், "இது நூல்தான், ஆனால் பாவும் ஊடையும் இல்லாமற் சிக்கலாக இருக்கிறது" என்றாள் ஒரு சிறுமி. அதனினும் நல்ல விளக்கத்தை நாம் தந்திருக்க இயலாது.

காளானின் குடையடியில் ஏடு ஏடாக மடிப்புகள் உண்டு. அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகள் கோடிக்கணக்கில் உதிர்ந்து காற்றிற் பரவுகின்றன. ஈரமும் உணவும் வாய்த்த இடத்தில் விழுந்தது இழைவிட்டு வளரும், மற்றவை வீணாகும்.

பெரியவர்கள் இங்கு ஒன்றைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பழைய பாடநூல்கள் காளானைத் தாவரமென்றே வகுத்திருந்தன. 1969-இல் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிரினங்களை ஐந்து பேருலகங்களாகப் பகுத்து, பூசணங்கட்குத் தனியிடம் தந்தார். பச்சையம் இன்மையால் அவை கதிரொளியிலிருந்து உணவு சமைப்பதில்லை. அவற்றின் உயிரணுச் சுவரில் இருப்பது கைட்டின். இறாலின் ஓட்டிலும் வண்டின் ஓட்டிலும் உள்ள பொருளே அது. "செடியுமில்லை, விலங்குமில்லை என்றால் பின் என்ன?" என்று குழந்தை கேட்கும். "மூன்றாவது ஒன்று" என்று விடைகூறினாற் போதும்.

முதற் பாடம்: சருகு

சோழமண்டலக் கடற்கரையில் மிஞ்சியுள்ள பழைய காடு உலர் பசுமைமாறாக் காடு எனப்படும். காயா, வீரை, நாவல், கருங்காலி, எட்டி முதலிய மரங்களும், அவற்றைப் பின்னிய கொடிகளும் இவ்வகைக் காட்டிற்கு உரியன. இக்காடுகளிற் பெரும்பகுதி விறகிற்கும் உழவிற்கும் வீட்டுமனைக்கும் அழிந்துபோயிற்று. ஐயனார்க்கும் அம்மனுக்கும் உரியதென்று மக்கள் வெட்டாது விட்ட கோயிற்காடுகளிலேதான் அதன் எச்சங்களைக் காண்கிறோம். புதுவையில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள், தென்னிந்தியத் தாவரப் பரப்பை நிலப்படங்களாக வரைந்தபோது இக்கடற்கரைக் காடுகளையும் ஆராய்ந்தனர்.

காட்டினுட் சென்றதும் குழந்தைகளை ஓரிடத்தில் அமரச் செய்து, முன்னுள்ள சருகை அடுக்கடுக்காக எடுக்கச் சொன்னோம். மேலே நேற்று விழுந்த இலை, வடிவம் குலையவில்லை. அதனடியில் புள்ளி விழுந்து கறுத்த இலை. அதனடியில் நரம்பு மட்டும் எஞ்சிய இலை, சல்லடைத் துணிபோல. அதற்கும் அடியில் இலையென்று சொல்ல ஒன்றுமில்லை. கரிய ஈரமண், மழைமணம். ஒரு சாண் ஆழத்திற்குள் ஓரிலையின் முழு வரலாற்றையும் குழந்தைகள் கையாற் புரட்டிப் பார்த்தனர். இடையிடையே தலைமயிர் போன்ற கறுத்த காம்பில், மிளகளவே உள்ள சிறு குடைகள் இலைமேல் நின்றன. இலையை உண்பவை அவையே என்று காட்டினோம்.

பின்னர் ஒரு கணக்கைப் போட்டோம். "இக்காட்டில் ஆண்டுதோறும் இலை உதிர்கிறது. நூறாண்டு உதிர்ந்த இலை எங்கே?" குழந்தைகள் அண்ணாந்து பார்த்தனர்; கீழே பார்த்தனர். மட்காமல் இருந்திருந்தால் அவர்கள் நிற்குமிடம் இலைக்குள் புதைந்திருக்கும். அது மட்டுமோ? மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தெல்லாம் இலைக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கும். மண் வறிதாகி மரம் பட்டுப்போயிருக்கும். பூசணமும் நுண்ணுயிரும் மண்புழுவும் கறையானும் அப்பூட்டைத் திறந்து, கடனைத் திருப்பித் தருகின்றன. நம் சங்கத்தில் வாங்கிய கடனை உறுப்பினர் ஒருவரும் திருப்பாவிடின் அடுத்தவர்க்குக் கொடுக்கப் பணம் ஏது? காட்டிலும் அவ்வாறே.

இவ்விடத்தில் அச்சிறுமி ஒரு வினா எழுப்பினாள்: "அப்படியானால் எங்கள் தெருமுனையில் மரத்தடிச் சருகைக் கூட்டித் தினமும் கொளுத்துகிறார்களே, அந்த மரம் என்ன சாப்பிடும்?" அதற்கு உடனே விடை கூறாமல், பின்னர்ச் சொல்லப்போகும் செய்முறைக்கு வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் பாடம்: பட்ட மரம்

இலையினும் கடினமானது கட்டை. மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பது எளிதன்று. அதனை நன்கு சிதைக்க வல்லவை காளானினத்துட் சிலவே. அவை வேலைசெய்த கட்டை வெளுத்து, நாராகப் பிரிந்து, விரலால் அழுத்தினாற் பொடியும்.

விழுந்து கிடந்த கிளையொன்றில், விசிறிபோன்ற சிறு வெண்காளான்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நூலோர் இதனை ஸ்கிசோபில்லம் என்பர். உலகின் எல்லாப் பகுதிகளிலும் கட்டைமேற் காணப்படுவது இது. வெயிலில் இது தோல்போலச் சுருங்கி, இறந்ததுபோற் கிடக்கும். நீர் பட்டால் மீண்டும் விரியும். காய்ந்த துண்டு ஒன்றை நனைத்து, அரைமணி நேரம் பார்த்திருக்கச் செய்தால், எந்தக் குழந்தையும் இப்பாடத்தை மறவாது. பார்த்தபின் கையைக் கழுவச் செய்தல் வேண்டும்.

வேறொரு கட்டையில், மரப்பலகைபோற் கெட்டியான தட்டுக்காளான் நீட்டிக்கொண்டிருந்தது. தென்னையின் அடித்தண்டை அழுகச்செய்யும் கானோடெர்மாவும் இத்தகைய தட்டுக்காளானே. பட்ட மரத்தை மண்ணாக்கும் போது அது தொண்டு. உயிருள்ள தென்னையைப் பற்றும்போது நோய். பகையென்றும் நட்பென்றும் நாம் இடும் பெயர், அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைச் சற்று வளர்ந்த பிள்ளைகட்குச் சொல்லலாம். நம் உழவர்கள் மணிலா விதையுடன் கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கிறார்களே டிரைக்கோடெர்மா விரிடி, அதுவும் ஒரு பூசணமே. வேரழுகச் செய்யும் பூசணத்தை இப்பூசணம் அடக்குகிறது.

மூன்றாம் பாடம்: புற்று

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது நம் பழமொழி. அப்புற்றினுள் கருநாகத்திற்கும் முன்னரே குடியிருக்கும் ஒருவரைப் பழமொழி கூறவில்லை, அதுவே புற்றுக்காளான்.

நம் நாட்டில் மண்ணாற் புற்றெடுக்கும் கறையான்களுட் பல, உழவர்களே ஆகும். மரத்தூளையும் சருகையும் தின்று கொணர்ந்து, செரியாத எச்சத்தைப் புற்றின் அறைகளிற் கடற்பஞ்சுபோன்ற அடைகளாகக் கட்டுகின்றன. அவ்வடையில் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூசணம் வளர்கிறது. கறையானால் எளிதிற் செரிக்கவியலாத பொருளைப் பூசணம் பக்குவப்படுத்துகிறது. அடையின்மேல் எழும் வெள்ளை மணிகளைக் கறையான் உண்கிறது. இக்கூட்டுறவு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நடந்துவருவதாக அறிஞர் கணிக்கின்றனர். மனிதன் ஏர் பிடித்துப் பன்னீராயிரம் ஆண்டுகள்தாம் இருக்கும்.

மழை நன்கு இறங்கி மண் இளகியபின், ஆழத்து அடையிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்பை விட்டுக்கொண்டு காளான் மேலெழுகிறது. அதன் குடையின் நடுவே கூரிய முனை இருக்கும். மண்ணைத் துளைத்துவரும் கருவி அது. ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் 1980-இல் விவரிக்கப்பெற்ற ஒருவகையின் குடை, ஒரு மீட்டர் அகலம்வரை விரியும் என்று கேட்டுச் சிறுவர்கள் கைகளை விரித்து அளந்து பார்த்தனர்.

இவ்வினத்திற்கு 1942-இல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டவர் ரோஜே ஏம் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர் கா. நடராசன், தென்னிந்தியாவிற் கண்ட புதிய புற்றுக்காளான் ஒன்றை விவரித்து, அப்பிரெஞ்சு அறிஞரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிரெஞ்சு மொழியும் தமிழும் ஒரே தெருவில் வழங்கிய புதுவையின் பிள்ளைகட்கு இச்செய்தி உரியது என்று கருதுகிறோம்.

கறையானையும் காளானையும் சேர்த்துக் கண்டது இற்றைநாள் அறிவியல் மட்டுமன்று. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில், வறிய பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுமிடத்துப் புலவர் நத்தத்தனார், பழஞ்சுவரைக் கறையான் அரித்ததையும், அப்புழுதியிற் காளான் பூத்ததையும் ஒருங்கே சொல்கிறார். அவர் கண்டது புற்றுக்காளானா, வேறொன்றா என்பது நம் ஆராய்ச்சியன்று. அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு, திண்டிவனமும் மரக்காணமும் உள்ள இந்தப் பகுதியே. நாம் நின்ற மண்ணுக்கு அண்டை மண்ணில், பசித்த வீட்டின் காளானை ஒரு புலவர் நோக்கிப் பதிவுசெய்திருக்கிறார். நோக்குதலே கல்வியின் தொடக்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புற்றுக்காளானைக் கறையானின்றி வணிக முறையிற் பயிரிட மனிதரால் இன்றுவரை இயலவில்லை. புற்றை இடித்து மனையாக்கினால், அக்காளானும் அவ்விடத்தை விட்டுப்போயிற்று என்றே கொள்ளவேண்டும்.

நான்காம் பாடம்: வேர்

இது கண்ணுக்குத் தெரியாத பாடமாதலால், சொல்லிக் காட்டவேண்டியதாயிற்று. 1885-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு செய்திகள் வெளியாயின. பிரான்சு நாட்டில் மில்லார்தே என்னும் பேராசிரியர், திராட்சைக் கொடியைக் கெடுத்த நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்தைக் கண்டு அறிவித்தார். நம் உழவர்கள் இன்றும் தெளிக்கும் போர்டோக் கலவை அதுவே. அதே ஆண்டில் செருமனியில் பிராங்க் என்னும் அறிஞர், மரவேர்களிற் பூசணம் கூடிவாழ்வதை ஆராய்ந்து, அது நோயன்று, இருவர்க்கும் நலந்தரும் வாழ்க்கை என்று கூறி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். முதற் செய்தி விரைவில் உலகெங்கும் பரவியது. இரண்டாவதை உலகம் நெடுங்காலம் நம்பவில்லை.

நிலத்துச் செடிகளிற் பத்தில் ஏழிற்குக் குறையாதவை வேர்ப்பூசணத்துடன் கூடி வாழ்வதாக இன்று அறிகிறோம். வேர் எட்டாத மண்துகளின் இடுக்குகளில் பூசண இழை நுழைந்து, மணிச்சத்தையும் நீரையும் கொணர்கிறது. செடி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை ஈடாகத் தருகிறது. நாற்றங்காலுக்கு 'வேம்' என்ற பெயரில் உழவர் வாங்கி இடுவது இவ்வகையே. இதனுட் பெரும்பகுதி காளானாக மேலே தலைகாட்டுவதேயில்லை. தைலமரத் தோப்புகளில் மழைக்குப்பின் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் உருண்டைகளோ, வேறொருவகை வேர்ப்பூசணத்தின் கனிகள். குழந்தை அதனை மிதித்தால் மஞ்சளும் பழுப்புமாகப் புகை பறக்கும், அப்புகையே வித்து.

புதுவைக்கு வடமேற்கே செம்மண் மேட்டில், 1968-இல் ஆரோவில் தோன்றியபோது, அந்நிலம் மழைநீர் அரித்த வெற்றுத்திடலாக இருந்தது. அங்கு மரம் நட்டோர் முதலில் நீரைத் தேக்கவும் மண்ணை மூடவும் பாடுபட வேண்டியதாயிற்று. இன்று அங்கே நிழலும் சருகும் உண்டு. இக்கடற்கரைக் காட்டின் மரவகைகள் பல அங்கு வளர்கின்றன. மூடிய மண்ணில்தான் இழை ஓடும். இழை ஓடும் மண்ணில்தான் காடு தானே முளைக்கும்.

ஓர் எச்சரிக்கை

இனிக் கூறுவதைப் பாடத்தின் நடுவே மும்முறை சொல்லுக. காட்டிலும் வேலியோரத்திலும் முளைத்த எக்காளானையும் குழந்தை வாயில் வைத்தலாகாது. பறித்து வீட்டிற்குக் கொணர்தலும் ஆகாது. பார்க்கலாம், வரையலாம், தொட்டால் கைகழுவலாம்.

நச்சுக் காளானைக் கண்டறிய நம் ஊர்களில் வழங்கும் சோதனைகள் பல. வெள்ளிக்காசு கறுக்கும் என்பர். பூண்டு நிறம் மாறும் என்பர். புழு அரித்தது நல்லது என்பர். இவற்றுள் ஒன்றையும் நம்புதற்கில்லை. அமானிடா இனத்திற் கொடியவற்றின் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. உண்டு 6 மணி முதல் 12 மணி நேரம்வரையோ, அதனினும் பிந்தியோ வாந்தியும் பேதியும் தோன்றும். பின்னர் நலமானதுபோற் காட்டி ஈரலைக் கெடுத்துவிடும். புல்வெளிகளில் மழைக்குப்பின் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைகளுள் ஒன்று, பார்வைக்கு உண்ணத்தக்கதுபோலவே இருந்து, கடும் வாந்தியை உண்டாக்கும். அதன் வித்து பசுமை நிறமுடையது. ஐயம் நேர்ந்தால் நோய்க்குறிக்குக் காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க.

பரம்பரையாகப் புற்றுக்காளான் எடுத்து உண்பவர்கள் சிற்றூர்களில் இருக்கின்றனர். அவர்தம் அறிவு கண்ணாலும் கையாலும் பல்லாண்டு பழகியது. கட்டுரை படித்து அதனைப் பெறவியலாது.

செய்முறைகள்

ஒன்று: வித்துப்படம். கடையில் வாங்கிய சிப்பிக் காளானின் குடையை அறுத்து, ஏடுள்ள பக்கம் கீழே இருக்குமாறு கறுப்புத் தாள்மேல் வைத்து, கிண்ணத்தால் மூடுக. மறுநாட் காலை எடுத்தால், ஏடுகளின் கோடுகள் வெண்பொடியாற் கோலமிட்டாற்போல் தாளிற் படிந்திருக்கும்.

இரண்டு: வீட்டுக் காடு. வைக்கோலில் காளான் வளர்த்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 1940-களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் அதனை ஆராய்ந்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட பால்காளான் வகை, 30 முதல் 35 பாகை வெப்பத்திலும் விளைவதால் புதுவைக்கு ஏற்றது. பஞ்சாலைக் கழிவிலும் காளான் வளர்க்கலாம் என்பதை நெசவாளர் அறிதல் நன்று. ஒரே ஒரு பையைக் குழந்தையின் பொறுப்பில் விடுக. வைக்கோல் வெள்ளிழையால் மூடுவதையும், காளான் எழுவதையும், அறுவடைக்குப்பின் எஞ்சிய பொருள் எருவாவதையும் அக்குழந்தை நாள்தோறும் எழுதிவருமாயின், காடு செய்யும் வேலையைத் தாழ்வாரத்திலேயே கண்டதாகும்.

மூன்று: துணிச்சோதனை. மண்ணூல் அறிஞர்கள் மண்ணின் உயிர்ப்பை அளக்கப் பருத்தித் துணிக்கீற்றைப் புதைத்துப் பார்ப்பதுண்டு. இலையின் உடலும் பருத்தியின் உடலும் செல்லுலோசே ஆதலின், இலையை மட்கச்செய்வன துணியையும் மட்கச்செய்யும். முன்னர் வினா எழுப்பிய சிறுமியின் தந்தையார் தறியில் நெய்பவர். வெண்பருத்தித் துணியில் ஒரே அளவான இரு துண்டுகளைத் தந்தார். பாலியெஸ்டர்ச் சேலையின் கிழிசல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு பருத்தித் துண்டைச் சருகு மூடிக்கிடக்கும் ஒரு கொல்லை மரத்தடியிலும், மற்றதை நாள்தோறும் கூட்டிக் கொளுத்தும் தெருமுனை மரத்தடியிலும், பாலியெஸ்டரை முதலாவதன் அருகிலும், நான்கு விரல் ஆழத்திற் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் செய்தோம்.

நாற்பது நாள் கழித்துப் பிள்ளைகள் கூடித் தோண்டினர். தெருமுனைத் துண்டு செம்மண் கறையுடன், ஓரங்களில் மட்டும் நைந்து, துணியாகவே வந்தது. பாலியெஸ்டரை உதறியதும் மண் உதிர்ந்து பழைய நிறம் காட்டிற்று. கொல்லை மரத்தடியில் புதைத்ததோ கையில் எடுக்குமுன் கிழிந்தது. பாவு எது, ஊடை எது என்று தெரியாதபடி அரித்துப்போய், எஞ்சிய இழைகளினூடே நாம் முன்னர்க் கண்ட வெண்ணூல் ஓடியிருந்தது. புல்வேர் சிலவும் அதனுட் புகுந்திருந்தன.

சிறுமியின் தந்தையார் அத்துண்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மழைக்காலந்தோறும் தம் பாவைக் கெடுக்கும் பொருளை அவர் நன்கறிவார். "என் வீட்டில் இப்படி ஆகியிருந்தால் ஒரு வாரக் கூலி போயிற்று" என்றார். பின்னர், "இந்த மண்ணில்தான் மரம் நிற்கும் போலிருக்கிறது" என்றும் சொன்னார். சிறுமியின் வினாவிற்கு அதற்குமேல் விடை வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரமுதல், அத்தெருமுனைச் சருகு கொளுத்தப்படாமல் மரத்தூரைச் சுற்றி வட்டமாகக் குவிக்கப்படுகிறது. கூட்டுபவரிடம் பேசியவர்கள் பிள்ளைகளே.

உறுப்பினர்கட்கு நாம் வேண்டுவது இதுவே. உங்கள் ஊர்க் கோயிற்காடோ, குளக்கரை மரமோ எதுவாயினும், அதனடிச் சருகில் ஒரு பகுதியையேனும் தீக்கு இரையாக்காமல் விடுக. காட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று தரையெல்லாம் சிமெண்டு பூசுவதும் புற்றை இடிப்பதும் மரத்தின் உணவைப் பறிப்பதாகும். மழைக்காலத்தில் ஒருநாள் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று, ஒரு சாண் சருகைப் புரட்டிக் காட்டுக.

பயிற்சி வினாக்கள்

1. காளானைப் பழம் என்பது ஏன்? அதன் 'மரம்' எங்குள்ளது?
2. நூறாண்டு உதிர்ந்த இலை காட்டில் ஏன் குவிந்து கிடக்கவில்லை?
3. கறையானுக்கும் புற்றுக்காளானுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை எழுதுக.
4. பட்ட மரத்திற் செய்வது தொண்டு, தென்னையிற் செய்வது நோய்: விளக்குக.
5. காட்டுக் காளானை வெள்ளிக்காசால் சோதித்து உண்ணலாம் என்பவர்க்கு நீ கூறும் விடை யாது?
6. உன் வீட்டருகே இரண்டிடங்களிற் பருத்தித் துணியைப் புதைத்து, நாற்பது நாள் கழித்துக் கண்டதை வரைந்து காட்டுக.